மூன்றாவது பட்டன்

ஆவணி பத்து, வெள்ளி.

தீப்பெட்டி ஆபீசில் இன்று என் மகன் ராசையா, அவன் மனைவி செல்வி, கணக்கப்பிள்ளை, நான் இருந்தோம். புது டெலிபோனில் மூன்றாவது பட்டனை அமுக்கினால் கயத்தாற்றில் என் மகள் வீட்டில் மணி அடிக்கும். அவளுக்கு இது பேறுமாசம். அமுக்கினேன். செல்வியின் அண்ணன் பேசினான். பட்டனுக்குப் பக்கத்தில் மகள் பெயர்தான் ஒட்டியிருக்கிறது.

“தானா மாறாது ஆச்சி, யாரோ நம்பர மாத்தியிருக்காவ,” என்றார் கணக்கப்பிள்ளை.

“எனக்கு எடுக்கவும் வைக்கவுந்தான் தெரியும் அத்தை,” என்றாள் செல்வி. ராசையா கணக்கு நோட்டைப் புரட்டினான்.

மகள் வீட்டு நம்பர் எனக்கு மனப்பாடம். சொன்னேன். கணக்கப்பிள்ளை போட்டுத் தந்தார். மருமகன் எடுத்தார்.

“பொம்பளப்பிள்ளை பொறந்து மூணு நாளாச்சே அத்தை. அன்னைக்கே மச்சான்கிட்ட சொன்னேன்லா.”

பட்டனை மாற்றியது யார், எதற்கு என்று யோசித்துத் தலை சுற்றுகிறது. யாராகவும் இருக்கட்டும். மூன்று நாளும் என் எதிரே உட்கார்ந்து சோறு தின்றும் சொல்லாதவனை மன்னிக்க மாட்டேன். ராசையாவை.