சுவரைத் தட்டிய சாரதாவுக்கு, கிரேக்க வகுப்பிலிருந்து

என் கண்ணான சாரதா,

போன சனிக்கிழமை மத்தியானம் உன் மகள் கலா என்னைக் கன்னத்தில் அறைந்தாள். அவள் கையில் கேழ்வரகுக் கஞ்சி ஒட்டியிருந்தது. அந்தக் கையாலேயே அடித்தாள். என் மூக்குக்கண்ணாடி பறந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் விழுந்தது. எழுபத்தாறு வயதில் இது எனக்குப் புதிது. என் வீட்டுக்காரர் ஒரு நாளும் என்மேல் கை வைத்ததில்லை. அதை உன்னிடமே எத்தனை தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், நினைவிருக்கிறதா?

அந்த அறை எப்படி வந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷமாகிறது. ஆவடி குவார்ட்டர்ஸை விட்டு முகப்பேரில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறேன், இரண்டாவது மாடி. சனிக்கிழமை காலையில் பஸ் பிடித்துப் பூந்தமல்லி பக்கம் உள்ள ஓர் இறையியல் கல்லூரிக்குப் போகிறேன். அங்கே பழைய கிரேக்க மொழி சொல்லித் தருகிறார்கள். யார் வேண்டுமானாலும் சேரலாம், வயது வரம்பு இல்லை என்று அறிவிப்பில் போட்டிருந்தது. நீ இருந்தால் சிரித்திருப்பாய். "இருக்குற இங்கிலீஷ் போதாதாக்கா? யாரை மிரட்டப் போறீங்க?" என்று கேட்டிருப்பாய்.

என் கான்வென்டில் ஒரு சிஸ்டர் இருந்தார். மர ஸ்கேலின் ஓரத்தால் விரல் முட்டியில் அடிப்பார். என் இங்கிலீஷ் முழுவதும் அந்த முட்டி வழியாக உள்ளே போனதுதான். ஒருநாள் நான் எழுந்து, கிரேக்கம் கற்றுத் தருவீர்களா என்று கேட்டேன். அது பாதிரியார் ஆகப்போகும் ஆண்களுக்கு, நீ கைக்குட்டைக்கு ஓரம் அடிக்கக் கற்றுக்கொள் என்றார். கேட்டதற்காக இரண்டு அடியும் கொடுத்தார். அறுபது வருஷத்துக்கு மேல் அதை மறக்காமல் வைத்திருந்தேன். நான் எதையும் மறக்கிறவள் இல்லை.

வகுப்பில் பதினொரு பேர். சொல்லித் தருகிற எல்சி மிஸ்ஸுக்கு முப்பது வயதிருக்கும். எழுத்துகளைக் கற்கவே எனக்கு மூன்று வாரம் பிடித்தது. பிறகு முதல் வினைச்சொல். பழைய பாடப்புத்தகங்களில் அதுதான் வழக்கமாம். தூப்தோ என்றால் அடிக்கிறேன். நான் அடிக்கிறேன், நீ அடிக்கிறாய், அவன் அடிக்கிறான் என்று பதினொரு பேரும் சேர்ந்து சத்தமாக ஒப்பிக்க வேண்டும். வராந்தாவில் பெருக்குகிற அம்மா துடைப்பத்தோடு நின்று எட்டிப் பார்த்தாள்.

புத்தகத்தில் இருக்கிற வாக்கியங்களும் அப்படித்தான். படைத்தலைவன் அடிமையை அடிக்கிறான். வீரர்கள் ஊரைக் கொளுத்துகிறார்கள். குதிரை ஆற்றங்கரையில் சாகிறது. பீரங்கி வண்டி செய்கிற ஊரில் இருபது வருஷம் குடியிருந்தவள் நான். ஒரே பக்கத்தில் இத்தனை சாவை அங்கேகூடப் பார்த்ததில்லை.

எனக்கு வலப்பக்கம் உட்காருபவர் பாஸ்டர் தேவராஜ். ஐம்பது வயதிருக்கும். கள்ளிக்குப்பத்தில் தகரக்கூரை போட்ட சின்ன ஜெபக்கூடம் வைத்திருக்கிறார், மற்ற நாளில் ஆட்டோ ஓட்டுகிறார். வலது கையில் இரண்டு விரல் கோணலாக மடங்கி நிற்கும். பேனாவைக் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு எழுதுவார். அந்தக் கையெழுத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

"பாஸ்டர், இது எழுத்தா, கோழி கிளறினதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கோழிதாம்மா. அதையும் கர்த்தர்தான படைச்சாரு, இன்னா பண்றது" என்றார். வகுப்பே சிரித்தது.

எட்டு வாரத்தில் அவர் ஒரு வாக்கியத்தைக்கூடச் சரியாகத் தமிழில் சொன்னதில்லை. நீதி என்ற சொல்லுக்கு ரொட்டி என்றார். ஞானத்துக்குக் கப்பல் என்றார். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

எங்கள் வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. கடைசி அரை மணி நேரம், அன்று கற்ற சொற்களை வைத்து ஒவ்வொருவரும் சொந்தமாக ஐந்து வாக்கியம் கிரேக்கத்தில் எழுத வேண்டும். எழுதியதை நாம் சத்தமாகப் படிக்க, வலப்பக்கத்தில் இருப்பவர் உடனே தமிழில் சொல்ல வேண்டும். நான் எப்போதும் குதிரையையும் ஆற்றையும் வைத்து ஒப்பேற்றிவிடுவேன்.

ஒன்பதாவது வாரம் எல்சி மிஸ் பலகையில் எழுதிப்போட்ட சொற்கள் இவை: வீடு, கதவு, சுவர், பெண், கேட்கிறேன், தட்டுகிறாள், திறக்கிறேன். அடிப்பதும் சாவதும் ஏற்கெனவே தெரியும். அந்தப் பலகையைப் பார்த்தேன், சாரதா. அது உன் வீடு.

உனக்குத் தெரிந்ததை உனக்கே சொல்கிறேன், மன்னித்துக்கொள். இந்தக் கடிதம் வேறு யார் கையிலாவது கிடைத்தால் அவர்களுக்குத் தெரியாது.

நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். நீ காபி போட்டால் பித்தளை டம்ளரால் இரண்டு தட்டுத் தட்டுவாய். நான் வருவேன். உன் புருஷன் உன்னை அடிப்பது குவார்ட்டர்ஸ் முழுவதும் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய வாரம் உன்னைக் கூப்பிட்டு நான் என்ன சொன்னேன்? "சத்தம் வெளியில வராம பார்த்துக்கோம்மா. கதவைச் சாத்திக்கோ. நாலு பேர் கேட்டா நமக்குத்தான் அசிங்கம்." நீ சரிக்கா என்று தலையாட்டினாய்.

அந்த ஞாயிறு மத்தியானம் கலாவை என் வீட்டில் விட்டுவிட்டுப் போனாய். நாலு வயசு. என் கட்டிலில் படுத்திருந்தாள். என் வீட்டுக்காரர் டியூட்டியில். நான் அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். உன் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல். பாத்திரம் உருண்டது. உன் தலை சுவரில் மோதிய சத்தம் என்ன சத்தம் என்று எனக்கு உடனே தெரிந்தது. தெரியவில்லை என்று நாற்பது வருஷம் சொன்னேன்.

நீ தட்டினாய். டம்ளரால் இரண்டு தட்டு. பிறகு கையால், நிற்காமல். கலா எழுந்து உட்கார்ந்து, "அம்மா தட்டுறாங்க" என்றாள். "காபிக்கு இல்லம்மா, நீ தூங்கு" என்று ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. அந்தச் சட்டையின் காலரைச் சுருக்கம் இல்லாமல் தேய்த்து முடித்தேன். கடைசியாக ஒரு தட்டு வந்தது. அதோடு சரி.

குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்றான் அவன். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் என் வாசலில் நின்று கேட்டார். நான் சேலையைச் சரிசெய்துகொண்டு, "ஐ ஹெர்ட் நத்திங், இன்ஸ்பெக்டர்" என்றேன். அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். "மேடமே சொன்ன பிறகு என்ன இருக்கு" என்று எழுதிக்கொண்டு போனார். தமிழில் கேட்டவருக்கு நான் ஏன் இங்கிலீஷில் பதில் சொன்னேன்? அதில் சொன்னால் நம்புவார்கள் என்று எனக்குத் தெரியும்.

கலா வளர்ந்தாள். தீபாவளிக்குத் தீபாவளி பெரியம்மா என்று பலகாரத்தோடு வருவாள். ஒவ்வொரு வருஷமும் கேட்பாள். "யாரோ சுவத்தத் தட்டுற மாதிரி எனக்கு ஒரு ஞாபகம் வருது பெரியம்மா. அது நிஜமா?" கனவு என்று சொல்லி அனுப்புவேன். அவளும் கனவு என்றே வைத்துக்கொண்டு, பக்கவாதத்தில் விழுந்த அப்பனைத் தன் வீட்டில் வைத்து, கையால் ஊட்டிப் பார்த்துக்கொள்கிறாள்.

பலகையில் இருந்த சொற்களை எடுத்து ஐந்து வாக்கியம் எழுதினேன். எழுதும்போது என் கணக்கு இதுதான். தமிழில் சொல்லப்போவது பாஸ்டர். வழக்கம்போல உளறுவார், எல்லாரும் சிரிப்பார்கள், எல்சி மிஸ் திருத்துவதற்குள் மணி அடித்துவிடும். நான் சொன்னதாகவும் ஆகும், யாருக்கும் கேட்காமலும் போகும்.

எழுந்து படித்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தினேன். பாஸ்டர் என் நோட்டில் அந்தக் கோணல் விரலை வைத்துக்கொண்டு சொன்னார்.

"ஒரு ஆளு ஊட்டுக்குள்ள பொம்பளைய அடிக்கிறான்."

"அவ செவுத்தத் தட்றா."

"நான் பக்கத்து ஊட்ல கீறேன். எனக்குக் கேக்குது."

"நான் கதவத் தொறக்கல."

"அவ சாவறா."

ஒரு தப்பு இல்லை. நீதியும் ஞானமும் வராத மனிதருக்கு இந்தச் சொற்கள் எல்லாம் மனப்பாடமாக இருந்தன. பின்னாலிருந்து யாரோ கை தட்டினார்கள், பாஸ்டர் முதல் தடவை சரியாகச் சொன்னதற்காக. எல்சி மிஸ் சிரித்துக்கொண்டே திரும்பினார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

பாஸ்டர் எழுந்துவிட்டார். சட்டைப்பையிலிருந்து ஆட்டோ சாவியை எடுத்தார்.

"இது புக்குல வர்ற கத இல்ல. எந்த ஊடும்மா? உங்க ஃபிளாட்லயா? வண்டி வெளியதான் கீது, வாங்க போலாம்."

நான் நோட்டை மூடினேன்.

"இன்னாம்மா பாத்துக்கினு நிக்கிறீங்க? அவ செத்துருவாம்மா."

"செத்தாச்சு பாஸ்டர். நாற்பது வருஷமாச்சு."

அவர் சாவியைப் பெஞ்சுமேல் வைத்தார். "கதவத் தொறக்காதது யாரு?"

"நான்தான்."

அவர் உட்கார்ந்து, வலது கையை என் முன்னால் நீட்டினார்.

"இத இன்னான்னு ஒருநாளும் நீங்க கேக்கல. எழுத்தத்தான் திட்டினீங்க. நான் பொண்டாட்டிய அடிச்சவன்மா. குடிச்சிட்டு, கழுத்துல கால வெச்சு மிதிச்சவன். பக்கத்து ஊட்ல இட்லிக்கட அக்கா ஒருத்தி. ஒலக்கைய எடுத்துக்கினு வந்து கதவ இடிச்சி உள்ள பூந்தா. நடு ஊட்ல போட்டு இந்தக் கைய ஒடச்சா. அவ வரலன்னா என் பொண்டாட்டி இன்னிக்கு இல்ல. நான் ஜெயில்ல கெடப்பேன்." பிறகு மெதுவாகச் சொன்னார், "அந்தம்மாவுக்கு யாராச்சும் கீறாங்களா?"

"ஒரு பொண்ணு. அம்பத்தூரில் இருக்கா."

"போற வழிதான்."

அவருடைய ஆட்டோவில் போனேன். வழியில் அவர் பேசவில்லை. மேடைப்பேச்சுக்குத் தயார் செய்வதுபோல நான் உள்ளுக்குள் வாக்கியங்களைத் திருத்திக்கொண்டே போனேன். கலா கதவைத் திறந்தபோது ஒன்றும் மிஞ்சவில்லை. அவள் கட்டிலோரம் உட்கார்ந்து உன் புருஷனுக்குக் கஞ்சி ஊட்டுகிற நேரம். "வாங்க பெரியம்மா, சொல்லாம வந்திருக்கீங்க" என்று மறுபடியும் கிண்ணத்தை எடுத்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். "அது கனவு இல்லை, கலா. உன் அம்மா தட்டினாள். உனக்குக் கேட்டது. எனக்கும் கேட்டது."

அப்போதுதான் அடித்தாள்.

"எனக்குப் புத்தி சரியில்லைன்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றாள். "டாக்டர்கிட்டலாம் போயி மாத்திரை சாப்ட்டேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் உங்க கால்ல விழுந்தேன்."

என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். வளையல் உடைந்து கையில் கிழித்தது. கட்டிலருகே கொண்டுபோய் நிறுத்தினாள். "இங்க சொல்லுங்க. இந்த ஆளு காதுல விழுற மாதிரி சொல்லுங்க."

சொன்னேன். அவன் கண் என்மேல் நின்றது. வாய் ஒருபக்கமாக அசைந்தது, கஞ்சி வழிந்தது. பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். வழிந்த கஞ்சியைக் கலா துடைக்கவில்லை. கிண்ணத்தைத் தரையில் வைத்தாள்.

"எத்தனை தடவ தட்டினாங்க?" என்று கேட்டாள்.

"முதல்ல ரெண்டு. அப்புறம் நான் எண்ணல. கடைசியில ஒண்ணு."

"போங்க" என்றாள். "இனிமே பெரியம்மான்னு யாரும் இந்த வீட்டுக்கு வரவேணாம்."

வெளியே பாஸ்டர் என் கன்னத்தையும் கையில் வழிந்த ரத்தத்தையும் பார்த்தார். தோளில் இருந்த துண்டைக் கொடுத்தார்.

"வலிக்குதாம்மா?"

"வலிக்குது."

"நல்லது" என்று வண்டியைக் கிளப்பினார்.

பிறகு நான் செய்ததையும் இனிச் செய்யப்போவதையும் சொல்லிவிடுகிறேன், சாரதா. அன்று நடந்ததை நாலு பக்கத்துக்குத் தமிழில் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுக் கலாவுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். அவள் அதைக் கிழிக்கட்டும், ஸ்டேஷனுக்கு எடுத்துக்கொண்டு போகட்டும், அது அவள் உரிமை. கூப்பிட்டால் எந்த நேரமும் போவேன். ஸ்டேஷன் மேசைக்கு முன்னால் ஓர் இங்கிலீஷ் சொல்கூட என் வாயிலிருந்து வராது. என்னையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்பேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

அவன் இப்போது சாப்பிடுகிறானா, யார் ஊட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு வாயில்லை.

பெரியம்மா என்ற உறவைக் கலா எடுத்துக்கொண்டுவிட்டாள். நீ அக்கா என்று கூப்பிட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மட்டும் நீ இல்லை. அந்தத் தைரியத்தில்தான் கீழே என் பெயரோடு அக்கா என்று எழுதுகிறேன்.

சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த,
உன் லலிதா அக்கா