தரையோடு தரையாக

அஸ்ரூ,
அக்டோபர் 9

அன்புள்ள மிமூன் அண்ணா,

நின்று குளிக்க நீ அனுப்பிய ஷவர் தட்டின் மேல் ஒட்டியிருந்த நீல பிளாஸ்டிக் தாள் இன்னும் அப்படியே இருக்கிறது. மேஸ்திரி ஹத்து அதைப் புதுக் குளியலறையில் பதித்துவிட்டுப் போய்ப் பத்து நாளாகிறது. தாளின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்க் கறைகூட இல்லை.

இதைப் போனில் சொல்ல முடியவில்லை. நீ கூப்பிட்டால் அம்மா ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொள்கிறாள். எனக்கும் போன் என்றால் வாய் வராது, உனக்குத் தெரியும். அதனால் எழுதி, அங்கே வந்துபோகும் வேன்காரர் கத்தூரிடம் கொடுத்தனுப்புகிறேன். பிழை இருந்தால் சிரிக்காதே, ஏழாவதோடு நின்றவள்.

முதலில் நன்றி அண்ணா. தட்டோடு நீ அனுப்பிய, பளிங்கு மாதிரி இருக்கும் சுவர்ப் பலகைகளைப் பார்க்கத் தெருவே வந்தது. அம்மா எல்லாரையும் வாசலிலேயே நிறுத்தி, "செருப்பக் கழட்டிட்டுப் பாருங்க. எம்புள்ள ஸ்பெயின்லேர்ந்து அனுப்பினது" என்கிறாள். பக்கத்து வீட்டு ஸஹ்ரா அத்தை, "இதுல குளிக்கணுமா, இல்ல இதுக்குச் சாம்பிராணி போடணுமா?" என்று கேட்டாள். அம்மாவே சிரித்துவிட்டாள்.

விருந்தாளி அறைச் சோபாவுக்கு நாம் செய்வதுபோல, உறையைப் பிரிக்காமல் பத்திரப்படுத்துகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். நேற்று கைத்தாங்கலாகக் கூட்டிப் போனேன். வலது காலைத் தூக்கிப் பார்த்தாள். தட்டின் விளிம்பு ஒரு சாண் உயரம். கால் அதில் பாதிகூட எழவில்லை. "வெள்ளிக்கிழம பாத்துக்கலாம்டீ, புதுசு, அழுக்காயிடும்" என்று திரும்பிவிட்டாள்.

ஹம்மாம் பொதுக் குளியல்கூடத்தின் ஈரத் தரையில் வழுக்கி இடுப்பு உடைந்ததிலிருந்து, ஏழு மாதமாக அவளைச் சமையலறை மூலையில் உட்காரவைத்து நான்தான் குளிப்பாட்டுகிறேன். முதுகு தேய்க்கும்வரை பேசிக்கொண்டிருப்பாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். தனியாகக் குளிக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை.

கோபப்படாதே. தட்டை எடுத்துவிட்டுத் தரையை வாசல் மட்டத்துக்கு இறக்கலாமா? சுவர் அப்படியே இருக்கட்டும்.

உன் தங்கை,
இத்தோ

*

அல்மேரியா,
அக்டோபர் 20

இத்தோவுக்கு,

இங்கே வந்த முதல் இரண்டு வருஷம் தக்காளிக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு வாளியில்தான் குளித்தேன். அதன் பிறகு நின்றபடி வெந்நீரில் குளித்தது இந்த மாதிரித் தட்டில். அம்மாவுக்கும் அதே வேண்டும் என்று மூன்று ஞாயிறு அலைந்து வாங்கினேன். வேன் கூரையில் கட்டும்போது கீறல் விழக்கூடாது என்று என் கம்பளியைப் போர்த்தி அனுப்பினேன்.

அளவு பார்த்தது ஹத்து. அவரைக் கேள். தரையை உடைத்துக் கசிந்தால் ஸஹ்ரா அத்தையின் சுவர்தான் முதலில் நனையும். ஒரு மணை போட்டு ஏறச் சொல். போகப் போகப் பழகிவிடும். என்னைக் கேட்காமல் எதையும் உடைக்காதே.

அண்ணன்,
மிமூன்

*

அஸ்ரூ,
நவம்பர் 6

அன்புள்ள அண்ணா,

மணை போட்டோம். அம்மா ஏறிவிட்டாள். தாளையும் உரித்தேன். களிம்பு மாதிரிக் கறுப்புச் சோப்பு பாதத்துக்கு வந்ததும் கால் முன்னால் போனது. நான் இடுப்போடு பிடித்துக்கொண்டேன். "அண்ணங்கிட்ட சொல்லிடாத, பாவம்" என்றாள். நான் சொல்லிவிட்டேன்.

மேஸ்திரியைக் கேட்டேன். "விளிம்பு உசரம்னு அன்னிக்கே தெரியும், பொண்ணே. எம்புள்ள அனுப்பினதுன்னு உங்கம்மா கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க. அப்ப போய் நான் எப்படி வாயத் தொறக்கறது?" என்றார். ஸஹ்ரா அத்தைக்கும் தெரியுமாம். எல்லாருமே மரியாதைக்குப் பேசாமல் இருந்திருக்கிறார்கள், நானும்தான்.

பிறகு ஒரு பழைய டப்பாவில் கறுப்புச் சோப்பை எடுத்துக்கொண்டு, தரைக்கு வழுக்காத ஓடு தேடி ஓட்டுக்கடைக்குப் போனேன். தனியாக. கடைக்காரர் பளபளப்பாக மூன்று வகை காட்டினார். ஒவ்வொன்றிலும் சோப்பைத் தடவி, தண்ணீர் ஊற்றி, வெறுங்காலோடு ஏறி நின்றேன். மூன்றும் வழுக்கின. மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். "யாரு கல்யாணத்துக்கும்மா ஆட்டம் பழகற?" என்றார் ஒருவர். காதெல்லாம் சூடாகிவிட்டது. "எங்கம்மா குளிக்கறதுக்கு" என்றேன். அதன் பிறகு கிண்டல் செய்தவரே உள்ளே போய், உள்ளங்கையில் பாதி அளவில், மேல்பூச்சு இல்லாத சின்ன ஓடுகளைக் கொண்டுவந்து வைத்தார். சின்னதாக இருப்பதால் நிறைய இடுக்கு வரும், கால்விரல் பிடிக்கும் என்றார். ஏறினேன். கால் நின்ற இடத்தில் நின்றது.

தரையை இறக்கி, நீர் கசியாத பூச்சு மூன்று தரம் பூசி, வடிகாலை அடைத்து ஒரு பகல் ஓரிரவு தண்ணீர் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஓடு பதிக்கலாம் என்கிறார் மேஸ்திரி. நீ வேண்டாம் என்றால் நிறுத்திவிடுகிறேன்.

இத்தோ

*

அல்மேரியா,
நவம்பர் 17

இத்தோ,

உடைத்துவிடு.

அம்மா வழுக்கியதை எழுதியதற்கு நன்றி. போனில் எல்லாரும் எனக்கு நல்லதை மட்டுமே சொல்கிறீர்கள். நானும் அப்படித்தான் சொல்கிறேன். கையால் பிடித்துக்கொள்ள ஒரு துருப்பிடிக்காத கம்பி கத்தூரிடம் கொடுத்திருக்கிறேன். எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்பதை நீயே பார்த்துச் சொல், மேஸ்திரியிடம் விட்டுவிடாதே.

கடையில் தனியாக நின்றாயா? நம்பவே முடியவில்லை.

மிமூன்

*

அஸ்ரூ,
டிசம்பர் 4

அன்புள்ள அண்ணா,

எல்லாம் முடிந்தது. தட்டு உடையாமல் வந்தது. முற்றத்தில் போட்டு அம்மா அதில் கம்பளி ஊறவைக்கிறாள். "இவ்ளோ பெரிய தொட்டி இந்தத் தெருவுல யாருகிட்ட இருக்கு?" என்று அதற்கும் பெருமைதான்.

ஒரு தப்பு நடந்தது. பூச்சு பூசுவதற்கு முன் ஒரு கிண்ணம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். வடிகாலை விட்டுவிட்டு வாசலைப் பார்த்து ஓடி வந்தது. மேஸ்திரி நெற்றியில் அடித்துக்கொண்டார். "தண்ணிய வெளிய தள்ளிவிடற முற்றத்துக்கே முப்பது வருஷமா சரிவு வச்ச கை பொண்ணே, அதுபாட்டுக்குப் போயிடுச்சு" என்று எல்லாவற்றையும் சுரண்டி, மறுபடி போட்டுக் கொடுத்தார். தண்ணீர் நிறுத்திய நாளில் ஸஹ்ரா அத்தை தன் பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துப் பார்த்து, "காஞ்சுதாண்டீ இருக்கு!" என்று கத்திக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஒரு தட்டு அப்பம் கொடுத்தனுப்பினோம்.

கம்பியை நான் சொன்ன உயரத்தில்தான் பதித்தார்கள். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, எழுந்திருக்கும்போது கை எங்கே போகிறது என்று பார்த்துக் கரிக்கட்டியால் கோடு போட்டேன். உன் சுவர்ப் பலகையில் துளை போடும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன்.

இன்று காலை அம்மா குளித்தாள். உள்ளே முக்காலி, சோப்பு, தேய்க்கும் கையுறை எல்லாம் வைத்திருந்தேன். அவள் எதையும் தாண்டவில்லை. அறைக்குள் நடப்பதுபோல நடந்து போனாள். நான் பழக்கத்தில் பின்னாலேயே போனேன்.

"நீ எங்கடீ வர?"

"முதுகு..."

"முதுக நான் பாத்துக்கறேன். நீ போ."

"தாழ்ப்பாள் மட்டும் போடாதம்மா."

"போட மாட்டேன், போ. உங்கண்ணனுக்கு எழுது, அவன் நல்லாருக்கணும். நீயும்தான்."

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நான் கதவைச் சாத்திவிட்டுக் கேரட் நறுக்கப் போனேன்.

இத்தோ