காயத்துக்குக் காரணம்

மார்ச் 4, செவ்வாய்

மெடிக்கல் கோடிங் வேலையில் சேர்ந்து ஒன்பதாவது நாள். டாக்டர் எழுதியதைப் படித்து நோய்க்கு ஓர் எண் போட வேண்டும், காயமென்றால் அது எப்படி ஆனது என்பதற்கும் ஓர் எண். படியில் விழுந்தால் ஒன்று, பாத்ரூமில் வழுக்கினால் வேறொன்று. யாராவது அடித்தால் அதற்கும் தனியாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் அக்காவின் முழங்கை கன்றிப்போயிருக்கிறது. கதவு இடித்துவிட்டதாம். டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவளுக்குச் சொந்த வீட்டுக் கதவு தெரியாதா?

மார்ச் 9, ஞாயிறு

இன்று தாடையில் சிராய்ப்பு. "பாத்ரூம்ல வழுக்கிடுச்சுடி" என்றாள். உடனே போய்த் தொட்டுப் பார்த்தேன். தரை காய்ந்து கிடந்தது.

அத்தான் பேப்பரிலிருந்து தலையே எடுக்கவில்லை. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத முகம். இவரா? இவர் வீட்டில் தங்கிக்கொண்டு இவரையே இப்படி நினைக்கிறேன். நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

மார்ச் 13, வியாழன்

நான் எண் போட்டு முடித்த நோயாளி சார்ட் ஒன்று திரும்பி வந்தது. ஒரு பெண், முகத்தில் காயம், கையில் பழைய தழும்பு. டாக்டர் காரணம் எழுதவில்லை. நான் 'தாக்குதல்' எண்ணைப் போட்டிருந்தேன்.

"டாக்டர் எங்க எழுதியிருக்கார்? காட்டு" என்றார் டீம் லீடர்.

"பார்த்தாலே தெரியுதே மேடம்."

"நீ எங்க பார்த்தே?"

அந்த எண்ணை அழித்தேன்.

மார்ச் 21, வெள்ளி

அக்காவை மடக்கிக் கேட்டுவிட்டேன். "அத்தான் உன்னை அடிக்கிறாரா?"

"பைத்தியமாடி உனக்கு?" என்றாள். கோபப்படவில்லை, கண்ணை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு அது போதும்.

மார்ச் 22, சனி

அத்தான் காபி போட்டுக் கொடுத்தார். குடிக்கவில்லை.

மார்ச் 26, புதன்

அத்தான் வேலையாக வெளியூர் போய் மூன்று நாள் ஆகிறது. அக்கா நெற்றியில் புதிதாக வீக்கம்.

அப்படியானால்? — மூன்று நாள் முன்பு அடித்தது இன்றைக்கு வீங்குமா? சே, என்ன புத்தி இது எனக்கு!

மார்ச் 28, வெள்ளி

காரணம் எழுதாத டாக்டருக்குக் கேள்வி அனுப்ப இன்று பழகினோம். 'இது தாக்குதலா?' என்ற என் முதல் கேள்வியை டீம் லீடர் அடித்துவிட்டார். "பதிலை நீயே உள்ள வச்சுக் கேட்டா, ஆமா இல்லைன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. இருக்கறதை மட்டும் எழுதி, எப்படின்னு கேளு."

மார்ச் 29, சனி

அக்காவும் நானும் துணி மடித்துக்கொண்டிருந்தோம்.

"முழங்கை, தாடை, இப்ப நெத்தி. எல்லாமே இடது பக்கம். எப்படிக்கா ஆச்சு?"

அத்தான் பேச்சை எடுக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். நாலு சட்டை மடித்த பிறகு சொன்னாள்.

"விழுறது தெரியலடி. முழிச்சுப் பார்த்தா தரையில கிடக்கேன்."

ஆறு மாதமாக இப்படியாம். டாக்டரிடம் போனால் லைசென்ஸ் போய்விடும், வேலையும் போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஐயோ, நடுரோட்டில், ஸ்டியரிங்கைப் பிடிக்கத் தெரியாத ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அந்த மயக்கம் வந்திருந்தால்? இத்தனை நாள் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

ஏப்ரல் 2, புதன்

ஆஸ்பத்திரி. வலிப்பாக இருக்கலாம் என்கிறார்கள், ஸ்கேன் நாளைக்கு. இனி வர முடியாது என்று டிரைவிங் ஸ்கூலுக்கு அக்காவே போன் செய்தாள். வைத்துவிட்டு அழுதாள்.

அத்தான் மாத்திரை வாங்கப் போயிருந்தார். "நான் அவரைச் சந்தேகப்படறேன்னு தெரியும்ல? ஏன்க்கா சும்மா இருந்தே?"

"நீ அவரையே முறைச்சுக்கிட்டிருந்தே. என்னைக் கவனிக்கல. எனக்கு அது வசதியா இருந்துச்சு."

அத்தான் திரும்பி வந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுந்து, அக்கா பக்கத்து நாற்காலியை அவருக்கு விட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன்.