பஞ்சு என்ற சொல்

12.8.86 செவ்வாய்
சோளகக் காற்று. இணுவிலிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே ஆஸ்பத்திரிக்கு.
ஒப்பறேஷன் தியேட்டர் ஏசிக் குழாய் திருத்திப் பத்து நாள். அன்றிலிருந்து நேர்ஸ் மேரியக்காவுக்குக் கழுத்தெல்லாம் கடி, சொறிச்சல், இருமல். "வேர்க்குரு" என்கிறார் பெரிய டொக்டர். வெட்டித் திறந்த வயிற்றின் மேலும் அதே காற்றுத்தானே விழுகிறது. ஆய்வுகூடத்தில் நான் ஒருத்திதான். நானே பார்க்க வேண்டும்.
தேவை: சிலைட் 4, வசிலின், இரண்டு மணித்தியாலம் கறண்ட்.

13.8 புதன்
காற்றுக் குழாயின் வாய்க்குக் கீழே வசிலின் பூசிய சிலைட்டுகள். ஏசியை நிறுத்தி இரண்டு, போட்டு இரண்டு. நுணுக்குக்காட்டியில், நிறுத்தியதில் அநேகமாக ஒன்றுமில்லை. போட்டதில் நார், நார், நார்.
பெரிய டொக்டர் சிரித்தார். "உம்மடை நூல்சீலையிலை இருந்து விழுந்திருக்கும், பிள்ளை."
எனக்குப் பதில் வீடு திரும்பும் பஸ்ஸில்தான் வந்தது. இரண்டு தரமும் அதே சீலைதானே!

14.8 வியாழன்
குருநகர். குழாய் திருத்திய சூசையண்ணை வீடு.
"உள்ளுக்கு என்ன வைச்சனீங்கள், அண்ணை?"
"பஞ்சு, தங்கச்சி. ஆஸ்பத்திரி தந்த கடதாசித் துண்டிலை 'பஞ்சு வைக்கவும்' எண்டு கிடந்தது. வெளியிலை சுத்தினால் வடிவில்லை, உள்ளுக்கு ஒட்டிவிட்டன். என்ரை கையும் கடிச்சதுதான்."
மிச்சத் துண்டு தந்தார். மஞ்சள். கண்ணாடிப் பஞ்சு. கண்ணாடியை நாராக்கிச் செய்வது, குளிர் போகாமல் குழாய்க்கு வெளியே சுற்றுவது. விரல் இன்னும் குத்துகிறது.
அம்மா: "பட்டம் எடுத்துப்போட்டுத் தூசி எண்ணுறியோ?"
ஓம். எண்ணுகிறேன்.

15.8 வெள்ளி
பீங்கான் மூடியில் சுட்டுப் பார்த்தேன். சீலை நூல் கருகிச் சாம்பல். சிலைட்டில் பிடித்த நார் கிடந்தபடி, நேர் ஊசியாய்.
அறிக்கை எழுதியாயிற்று: 'கண்ணாடிப் பஞ்சு நார்.'
மேரியக்கா: "எழுதினதை ஆர் வாசிக்கப் போகினம்? போய்க் கதையும்."
கதைப்பதுதானே எனக்கு வராதது.

16.8 சனி
திங்கள் காலை ஒரு பிள்ளைக்கு ஒப்பறேஷன். இன்று விட்டால் முடிந்தது.
பெ.டொ. வாசித்தார். "பஞ்சுதானே! காயத்துக்கும் அதைத்தானே வைக்கிறம். சனங்கள் பயந்துபோகும். அந்தக் 'கண்ணாடி'யை வெட்டிவிடும்."
பேனையை வாங்கினேன். 'பஞ்சு' என்பதை வெட்டினேன். மிச்சம்: 'கண்ணாடி நார்.'
மஞ்சள் துண்டை மேசையில் வைத்தேன். "இதைக் காயத்துக்கு வைப்பியளோ, டொக்டர்?"
தொட்டார். விரலைப் பார்த்தார். கதவுப் பக்கம் திரும்பி, "மேரி, தியேட்டரைப் பூட்டும்."