நாய் கொண்டுபோன செருப்பு

அன்புள்ள நிரோஜா,

நான் நல்ல சுகம். மொன்றியலில் குளிர் தொடங்கியிருக்கும். மாமியின் முழங்கால் நோ எப்படி?

டீசல் அடிக்க, நான் வேலை செய்யும் படகு மெக்சிக்கோவின் சின்னத் துறைமுக ஊரொன்றில் நிற்கிறது. தேவாலய வாசலில் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்தால், ஒன்றை நாய் கவ்விக்கொண்டு ஓடுகிறது! அதைத் துரத்தியே ஊர் முழுக்கப் பார்த்துவிட்டேன். மீன் தராசில் ஒரு கூழைக்கடாப் பறவை ஏறி நிற்கிறது, ஒருவரும் கலைக்கவில்லை. கிழிந்த வலை பொத்தும் பெண்கள் என் காலைப் பார்த்துச் சிரித்து, பொரித்த மீன் தந்தார்கள். கடைசியில் நாய் ஒரு தோணிக்கடியில் செருப்பில் தலைவைத்து நித்திரை. எழுப்ப மனம் வரவில்லை.

“போற இடமெல்லாம் செருப்பைத் துலைச்சுப்போட்டு வாறியள்” என்று நீ ஏசுவது கேட்கிறது.

வாசலில் கிடக்கும் என் பனிச் சப்பாத்தை அலுமாரிக்குள் வைத்துவிடாதே. நான் உள்ளேதான் இருக்கிறேன் என்று வருகிறவர்கள் நினைக்கட்டும். நானும் அப்படியே நினைத்துக்கொள்கிறேன்.

படகில் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

ரதீசன்