லேமினேட் செய்த வேலைக் கடிதம்

அப்பா,

சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ணிச் சாப்பிடுங்கள், அப்படியே விழுங்க வேண்டாம். சாவி மாடி வீட்டு அக்காவிடம்.

நேற்று நான் கத்தியதற்கு மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். "அவ்வளவு தூரத்து வேலை வேண்டாம்" என்றது நீங்கள்தான். அந்தக் கோபத்தில்தான் என் கம்ப்யூட்டரிலிருந்து வேலைக் கடிதத்தை உங்கள் அறைப் பிரிண்டருக்கு அனுப்பினேன். அது அணைந்திருந்தது தெரியாமல் திரும்பத் திரும்பத் தட்டினேன்.

காலையில் நீங்கள் செய்த வயரிங் வேலைக்குப் பில் எடுக்கப் பிரிண்டரைப் போட்டதும் அத்தனை கடிதமும் வரிசையாக வந்து விழுந்தன. வீடே அதிரும் என்று போர்வைக்குள் காத்திருந்தேன். நீங்களோ அம்மாவிடம், "ஒரு தடவை சொன்னா எனக்கு ஏறாதுன்னு மெஷினுக்கே தெரிஞ்சிருக்கு பாரு. போயிட்டு வரட்டும்டி" என்று சிரித்தீர்கள்.

எழுந்து வந்தால் என் மேசையில் கடிதம், லேமினேட் செய்து! வேலைக்குப் போகிற அவசரத்திலும் கடைக்கு ஓடியிருக்கிறீர்கள். அப்பா, அதில் நான் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். பிளாஸ்டிக் மேல் எந்தப் பேனா எழுதும்?

நல்லவேளை, மிச்சக் கடிதங்கள் இருந்தன. ஒன்றில் கையெழுத்துப் போட்டுக் கூரியரில் அனுப்பப் போகிறேன். ஒரே ராத்திரியில் மனசை மாற்றிக்கொள்ள எனக்கெல்லாம் வராது. உங்களுக்கு வருகிறது. உங்களைப் போல ஆள் கிடையாது, போங்கள்.

லேமினேட் செய்ததை உங்கள் அறையில் மாட்டிவிட்டேன். கழற்றினால் தெரியும் சேதி.

இன்னொன்று: நீங்கள் எடுக்கப் போன பில் இன்னும் பிரிண்டரிலேயே கிடக்கிறது.