ஒரே ஃபேனுக்கு அடியில்

அடியே தையல்காரி,

டியூட்டிக்குக் கிளம்பிட்டேன். சாவி செருப்பு ஸ்டாண்டு மேல இருக்கு. முட்டை அவிச்சு மூடி வச்சிருக்கேன். உனக்கு மட்டும்தான்.

கரண்ட் பில் எகிறிடுச்சு, தினமும் வந்து உக்கார்ற உன் புது சிநேகிதியையும் சேர்த்து மூணாப் பிரிக்கணும்னு நேத்து கத்தினேன்ல? "அவ ஹால் ஃபேனுக்கு அடியிலதானடி இருக்கா"ன்னு நீ கேட்டதும் நான் பில்லை மடிச்சு வச்சுட்டு ரூமுக்குப் போயிட்டேன்.

முன்னாடி அந்த ஃபேனுக்கு அடியில நாம ரெண்டு பேரும் கதையடிப்போம். இப்ப என் நாற்காலியில அவ. உங்க சிரிப்பு காதுல விழக் கூடாதுன்னு நான் ரூம் கதவைச் சாத்தி ஏசியைப் போட்டுக்கிட்டுக் கிடக்கேன். வயித்தெரிச்சல்தான், போடி. பில் ஏறினது என்னாலதான், கூடுதலை நானே கட்டுறேன்.

பி.கு.: அவ வந்தா முட்டையில பாதி குடு. நாற்காலியை மட்டும் குடுக்காத.